அமாவாசைக்கு ஒரு ஷாக் அப்சர்பர்

எனக்குக் கோபம் வந்தால் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலேயே பளபளப்பான வண்டி எங்களுடையதுதான் என்றால், எனக்கு எத்தனை தடவை கோபம் வந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி அவருடைய தாய்மாமன் கொடுத்தது. மாமன் பட்டு வியாபாரி. கார் வாங்கியதும், "இத்த நீ ஓட்டிக்கோடா" என்று தள்ளிவிட்டார். எழுபது, எழுபத்தொன்று வாக்கில் எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருப்பவனே பெரிய ஆள். தறியில் உட்காருகிறவன் மோட்டார் சைக்கிளில் போனால் சும்மா விடுவார்களா? "இன்னாப்பா, கலெக்டரு வந்துக்கினு இருக்காரு, எழுந்து நில்லுங்கோ" என்று நக்கல் செய்வார்கள். இவருக்கு அது நக்கல் என்றே புரியாது. கையை ஆட்டிக்கொண்டு போவார்.

எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பின்னால்தான். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிய குழாய் ஒவ்வொன்று இருக்கும். உள்ளே எண்ணெய் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியை அது வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் ஷாக் அப்சர்பர். எங்கள் வண்டியில் எண்ணெயெல்லாம் எப்போதோ ஒழுகிப் போய், அந்த வேலையை என் இடுப்புதான் செய்துகொண்டிருந்தது.

அந்த இடுப்பும் நல்ல இடுப்பு இல்லை. எங்கள் வீட்டில் கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாகச் சேலை நெய்வோம். அதற்கு ஒரு தறியில் இரண்டு ஆள் வேண்டும். அவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார். நான் கரைப் பக்கம் உட்கார்ந்து, குனிந்து குனிந்து கரை நூல் ஓடுகிற நாடாக் கட்டையை வாங்கித் தள்ளுவேன். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் இதே வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பில் ஒரு இடம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கட்டாந்தரையில படு, குனியாதே" என்றார். குனியாமல் எப்படி நெய்வது என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இடுப்பு வலியோடு வாழ நான் பழகிவிட்டேன். ஆனால் அம்மா விஷயம் வந்தபோதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

அம்மா வீடு திருமுக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊரில். அங்கேயும் தறிதான், பருத்தித் தறி. அண்ணனும் அண்ணியும் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆடி மாதத்தில் அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனாலும் புரியும். அண்ணி நல்லவள். குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனாலும் பெற்ற பெண் வந்து தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்து, வாய்க்கு ருசியாக ஒரு பிடி ஊட்டுகிற மாதிரி ஆகுமா?

எங்களுக்கு மாதத்தில் ஒரே நாள்தான் லீவு, அமாவாசை. அன்றைக்கு எந்த வீட்டிலும் தறி ஓடாது. மற்ற நாளில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது சேலையின் நீள நூல், இழுத்துக் கட்டியிருப்பார்கள், வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அமாவாசையன்று தெரு காலியாகக் கிடக்கும். விடிவதற்குள் சமைத்து, மாமனாருக்குப் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டு, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்புவோம். பஸ்ஸில் போனால் மாறி மாறிப் போய், ஆற்றையும் நடந்து கடந்து சேருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இருட்டுவதற்குள் திரும்பவும் வேண்டும். அதனால் வண்டியில்தான் போக வேண்டும்.

வண்டியில் போனால் பத்து மணிக்கெல்லாம் போய்விடலாம். போய் என்ன பிரயோசனம்? சாலை அப்படி. குலுங்கிக் குலுங்கி, பாலாற்று மணலில் இறங்கி ஏறி, அண்ணன் வீட்டு வாசலில் இறங்கும்போது என்னால் நிமிர முடியாது. உள்ளே போய் அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் அப்படியே கட்டாந்தரையில் சாய்ந்துவிடுவேன். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. அம்மாவுக்குச் செய்யப் போனவள் நான். கை விழுந்து கிடக்கிற அம்மா, நன்றாக இருந்த இடது கையால் என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு வழியாக எழுந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதற்குள் அவர் வாசலில் நின்று, "பொழுது போவுது, கிளம்பு" என்பார். வழியெல்லாம் அழுவேன். மாதத்தில் ஒரு நாள், அதிலும் பாதி நாள் படுக்கையில் போய்விடுகிறதே என்று.

ஒரு அமாவாசை திரும்பி வரும்போது நடுரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். "உங்க வண்டியும் ஆச்சு நீங்களும் ஆச்சு. இது வண்டியா, உரலா? எங்கம்மா செத்தா இந்த வண்டிதான் காரணம்" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். வீட்டுக்கு வந்து அவர் வழக்கம்போல் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆனால் அன்றைக்குத் துடைக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சீட்டை அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அமுக்கிவிட்டால் அது நிற்காமல் நாலு தடவை துள்ளியது.

மறுநாள் பெரிய காஞ்சிபுரத்தில் மெக்கானிக் பாய் கடைக்குப் போனார். பாய் குடும்பம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. ஆள் நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். புதுசு வாங்க மெட்ராஸ் போக வேண்டும், அதுவும் எங்கள் கைக்கு எட்டாது. "பழசு கெடச்சா போடலாம்பா. உன் வண்டிக்கு அடுத்து வந்த மாடல்ல இருக்கறது நல்ல உருப்படி. ஆனா ஜோடியா கெடைக்கணும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு இவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு ஷாக் அப்சர்பர். ஸ்பிரிங் தடியாக, கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. எங்கேயோ மரத்தில் மோதிய வண்டியிலிருந்து கழற்றியது. அதன் ஜோடி வளைந்துபோய்விட்டதாம். அதனால் ஒன்றுதான்.

"பாய் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவுரு கெடக்குறாரு. ஒண்ணு மட்டும் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்ன்றாரு. நான் மாட்ட மாட்டேன், ஜோடி வர வரைக்கும் பொறுத்துக்கோன்றாரு. நாளான்னிக்கு அமாவாச. எப்டி பொறுக்கறது?"

அதற்குப் பிறகு அவர் சொன்ன யோசனையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சேலை கட்டினவள் வண்டியில் ஒரு பக்கமாகத்தானே உட்காருவாள்? நான் இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவள். ஆகையால் என் கனம் முழுக்க இடது பக்கம். அந்தப் பக்கத்துக்கு நல்ல ஷாக் அப்சர்பரைப் போட்டால் போதும், வலது பக்கத்தில் ஆளே இல்லை, அங்கே பழசு இருந்தால் என்ன?

"ஒத்தக் கரை சேல நெய்யும்போது இன்னா பண்றோம்? கரைப் பக்கம் பாவு தடிப்பு. அந்தப் பக்கத்த மட்டும் தனியா இறுக்கிக் கட்டறமா இல்லையா? வெயிட்டு எங்கயோ பலம் அங்க. பாய்க்குத் தறி தெரியாது, அதான் ஜோடி ஜோடின்னுக்கினு இருக்காரு" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? "கரெக்டுதான்" என்று தலையாட்டினேன். அதுதான் எனக்கு வெட்கம். அவரைத் திட்ட ஆயிரம் காரணம் வைத்திருந்தவள், திட்ட வேண்டிய அன்றைக்குத் திட்டவில்லை. அவர் சொன்னது எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டது. நாள் முழுக்கக் கரைப் பக்கம் உட்காருகிறவள் நான், எனக்குப் படாமல் யாருக்குப் படும்?

பட்டப்பகலில் தறியை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். அமாவாசை வந்துவிட்டால் கருவி எதையும் தொடக்கூடாது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். நான் சீட்டைத் தூக்கிப் பிடித்தேன், அவர் பழசைக் கழற்றினார். துருவேறிய போல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். புதுசு ஒரு விரல் அளவு நீளம் கூடுதலாக இருந்தது. அமுக்கிப் பிடித்து எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார். முடிந்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். வண்டி லேசாக வலது பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. "ஸ்டாண்டு அப்டி" என்றார்.

அமாவாசையன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிக் கிளம்பினோம். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட இட்லி ஒரு தூக்கில், ஒரு சீப்பு வாழைப்பழம், அவளுக்கு ஒரு பழைய மெத்தென்ற புடவை. ஊரைத் தாண்டும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. "இன்னா, எப்டி கீது?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். உண்மையில் அடி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. "பேசாம ரோட்டப் பாருங்க" என்றேன், உள்ளுக்குள் சந்தோஷம்.

சாலை மோசமானதும் வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு பள்ளத்திலும் இடது பக்கம் கெட்டியாக நிற்கும், வலது பக்கம் தொப்பென்று இறங்கும். பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இவர் கையால் இந்தப் பக்கம் இழுப்பார், அது அந்தப் பக்கம் போகும். நான் இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், என் முதுகு வலது பக்கம். பள்ளம் வரும்போதெல்லாம் மல்லாக்கச் சாய்ந்தேன். அவர் சட்டையைப் பிடித்ததில் இரண்டு பொத்தான் போயிற்று. "நிறுத்துங்க" என்கிறேன், "தோ, ஆறு வந்துட்டுது" என்கிறார்.

ஆற்று மணலில் இறங்கினதுதான் தாமதம். வண்டி ஒரு சுற்று சுற்றி, எங்களைக் கொட்டிவிட்டு, தானும் படுத்துக்கொண்டது. மணல் என்பதால் அடி ஒன்றும் இல்லை. தூக்கு திறந்து இட்லியெல்லாம் மணலில் உருண்டது. ஊற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் "ஐயோ ஐயோ" என்றார்கள். நான் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். "கரையாம், பாவாம்! வண்டிய நெய்ய வந்துட்டாரு!" என்று நான் கத்தியது அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் மணலில் மண்டியிட்டு, ஒவ்வொரு இட்லியாக எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பில் குத்தியது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனோம். போய்ச் சேரும்போது உச்சி வெயில். அன்றைக்கு அம்மாவுக்கு ஒன்றுமே செய்யவில்லை. கிளம்புகிற நேரம் வரைக்கும் அவள் பக்கத்தில் படுத்தே கிடந்தேன். அவள் என் தலையிலிருந்த மணலை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

உருட்டியும் மெதுவாக ஓட்டியும் ஊர் திரும்பி, மறுநாளே இவர் பாய் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன், இனிமேல் இவர் யோசனையை நம்புவதாக இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்ததுமே பாய்க்கு விளங்கிவிட்டது.

"நான் இன்னா சொன்னேன், இவுரு இன்னா பண்ணிட்டு வந்துகிறாரு பாரு தங்கச்சி! ஒரு காலுக்குச் செருப்பு, ஒரு காலுக்கு பூட்ஸு போட்டுக்கினு நடப்பியா? பேஜாரு புடிச்ச மனுசன்."

"எனக்கும் சேத்து திட்டுங்க பாய். நானும் சரின்னுதான் சொன்னேன்" என்றேன்.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னேன். மாதத்தில் ஒரு நாள் என்பதையும், அதில் பாதி படுக்கையில் போவதையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பஸ் ஏறி ஆற்காடு போய், தன் மச்சான் கடையிலிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்துவிட்டார். பழசுதான். ஆனால் ஒரே வண்டியில் ஓடிய இரண்டு, ஒரே உயரம், ஒரே கெட்டி. உள்ளே எண்ணெயை மாற்றி, ரப்பர் வளையம் போட்டு மாட்டினார். மாட்டி முடித்ததும், "ஏறிக் குந்து தங்கச்சி. நல்லா குதி" என்றார். நடுக்கடையில், ஊரே பார்க்க, நான் சீட்டில் உட்கார்ந்து குதித்தேன். வண்டி ஒரு தடவை இறங்கி, மெதுவாக எழுந்து, அப்படியே நின்றது. பாய் அவரைப் பார்த்து, "உஷாரா ஓட்டு. தறி இல்ல இது" என்றார்.

அடுத்த அமாவாசை வந்தது. அந்தப் பயணத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, பயத்தில் பல்லைக் கடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. முதல் தடவையாக அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். புளிய மரம், செங்கல் சூளை, கரும்பு. ஆற்று மணலில் மட்டும் இறங்கி நடந்தேன், அது பழைய பயம். அண்ணன் வீட்டு வாசலில் குதித்து இறங்கினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேரை நிலைக்குக் கொண்டுவந்தவர் மாதிரி நின்றார்.

அன்றைக்கு நான் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. அம்மாவின் துணி முழுக்கத் துவைத்துப் போட்டேன். பாயை வெயிலில் காயவைத்தேன். அவளை மணையில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றினேன். சாம்பிராணி போட்டு, சிக்கெடுத்து, கொண்டை போட்டுவிட்டேன். நகம் வெட்டினேன். குழம்பு வைத்து, குழைய வடித்து ஊட்டினேன். அண்ணி, "செத்த உக்காரு" என்றாள். உட்காரவில்லை. மாதக்கணக்காகச் செய்ய முடியாமல் போனதையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடுகிற வெறி எனக்கு.

பொழுது சாய ஆரம்பித்தபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னை அம்மா கூப்பிட்டாள். ஈரக்கையோடு ஓடினேன்.

"இன்னாம்மா? தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"பின்ன?"

"இடுப்பு சரியாயிடுச்சா கண்ணு?"

"வலியே இல்லம்மா. வண்டிய நல்லா பண்ணிட்டாரு."

"நல்லது" என்றாள். பிறகு குழறலாக, மெதுவாகச் சொன்னாள். "முன்னல்லாம் வந்தா எம் பக்கத்துல படுத்துக்குவே. இன்னிக்கு வந்ததுலேருந்து உன் மொகத்தயே பாக்கல. ஓடிக்கினே இருக்கறே."

வீணாகப் போயிற்று, வீணாகப் போயிற்று என்று நான் வழியெல்லாம் அழுத அந்த மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம்தான் அவளுக்கு நான் வந்த நேரம். தண்ணீரும் துணியும் அண்ணி செய்வாள். பக்கத்தில் படுக்க யார் இருந்தார்கள் அவளுக்கு?

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் பாய்க்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். அவள் இடது கை தானாக வந்து என் இடுப்பைத் தேடியது. பழைய இடத்தில் நின்று தேய்த்தது.

"இங்கதானே?" என்றாள்.

"ஆமாம்மா. அங்கதான் வலிக்குது. நல்லா தேய்" என்றேன்.

வாசலில் அவர், "பொழுது போவுது" என்று குரல் கொடுத்தார். "போவட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா இருந்த வரைக்கும் எட்டு அமாவாசை போனோம். எட்டிலும் அந்த வீட்டுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நுழைந்தேன். அவர் பாவம், ஒவ்வொரு தடவையும் வெளியே நின்று அந்த ஷாக் அப்சர்பரை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.